கொட்டகையில் பிறந்த மோட்டார்

மோட்டார் வண்டி என்பது பெருமுதல் போட்டு நடத்தும் தொழிற்சாலையில், ஆயிரக்கணக்கான தொழிலாளர் கையில் உருவாகி, கடையில் பளபளவென்று நின்று, பணம் படைத்தவர் வாங்கிச் செல்லும் பொருள் என்பதே நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வாலிபன் தன் வீட்டுக் கொட்டகையில், மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஸ்பானரும் ரம்பமும் கொண்டு அதைத் தானே பூட்டி முடித்து, அந்த வண்டியிலேயே வார நாளில் வேலைக்கும் விடுமுறை நாளில் பந்தயத்துக்கும் போய்வரலாம் என்று சொன்னால் நம்பத் தயங்குவோம். ஆனால் இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிந்திய இங்கிலாந்தில் இது கற்பனையாக இருக்கவில்லை. ஒரு தொழிலாகவே நடந்தது. அதற்கு உருக்கொடுத்தவர்களில் தலையானவர் காலின் சாப்மன். இவர் காலமானது 1982-ம் வருஷம். மோட்டார் உலகின் மேதை என்று இவரைப் போற்றுவோர் உண்டு. மோசக்காரர் என்று தூற்றுவோரும் உண்டு. இரு சாராரும் ஒரே மனிதரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை மறவாமல் இவருடைய சரித்திரத்தைச் சொல்ல முயல்கிறோம்.

அந்தோணி காலின் புரூஸ் சாப்மன் 1928-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி லண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தார். தகப்பனார் வட லண்டனிலுள்ள ஹார்ன்ஸியில் ரெயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். அந்த விடுதியின் பின்புறத்துக் குதிரை லாயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை அங்கே திரும்பி வரும். பையன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்து எஞ்சினியரிங் படித்தார். பாலம், கட்டடம் முதலியவை எவ்வளவு பளுவைத் தாங்கும், எந்த இடத்தில் இரும்பு அவசியம், எந்த இடத்தில் அது வெறுஞ் சுமை என்று கணக்கிடும் பிரிவு அவருடையது. கணிதப் பரீட்சையில் ஒரு முறை தவறி, மறுமுறை எழுதி 1949-ல் பட்டம் பெற்றார் என்பது அவரைப் பார்த்துப் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கலாம். சர்வகலாசாலையின் விமானப் படைப் பிரிவில் சேர்ந்து ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். விமானம் கட்டுகிறவன் ஒவ்வொரு ராத்தலையும் எடை போட்டுத்தான் சேர்ப்பான். தரையில் ஓடும் வண்டிக்கும் அந்தக் கண்ணையே கொண்டுவந்ததுதான் சாப்மனுடைய வாழ்நாள் வேலை என்று சொன்னால் மிகையாகாது.

படிக்கும்போதே அவருக்கு ஒரு வியாபாரம் இருந்தது. பழைய கார்களை வாங்கிச் சற்றுச் சீர்படுத்தி விற்பது. யுத்தம் முடிந்த காலம். புதுக் கார் கிடைப்பது அரிது. எனவே பழைய காருக்கு நல்ல கிராக்கி. இந்த நிலையில் 1947-ம் வருஷம் பிரிட்டிஷ் சர்க்கார் சொந்த உபயோகத்திற்கென்று கொடுத்து வந்த பெட்ரோல் ரேஷனை நிறுத்தினார்கள். ஓட்டப் பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்? சந்தை விழுந்தது. கையிலிருந்தவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளியபின், ஒரு வண்டி மட்டும் விலை போகாமல் நின்றது. அது ஒரு பழைய ஆஸ்டின் ஸெவன்.

ஆஸ்டின் ஸெவன் என்ற சிறு வண்டி 1922-ல் வெளிவந்தது. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மேலே போக முடியாதிருந்த இங்கிலீஷ் குடும்பங்களைக் காரில் ஏற்றிய புண்ணியம் அதற்கு உண்டு. 1939-க்குள் ஏறக்குறைய 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. எஞ்சினின் அளவு 747 கன சென்டிமீட்டர். இன்று நம் தெருக்களில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களுக்கு அதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது. ஊருக்கு ஊர் பழைய உறுப்புகள் மலிவாகக் கிடைத்தமையால், கையில் காசில்லாத, ஆனால் வேக ஆசை மிகுந்த வாலிபர்களுக்கு அதுவே பாடப் புத்தகமாயிற்று.

விலை போகாத அந்த வண்டியைச் சாப்மன் தம் சிநேகிதி ஹேஸல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்புறத்துக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார். மேற்கூண்டைக் கழற்றி எறிந்தார். அடிச்சட்டத்தைத் திறந்த வாய்க்காலாக விடாமல் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கி விறைப்பேற்றினார். அதன் மேல், இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகளால் புதிய உடலை அமைத்து, குறுக்குச் சுவர்கள் கொடுத்துச் சட்டத்தோடு பிணைத்தார். சாதாரண காரில் உடல் என்பது சட்டத்தின் மேல் போர்த்திய சட்டை. பளுவைச் சுமப்பது சட்டம் மட்டுமே. இவரோ விமானத்தில் செய்வதுபோல் உடலையும் பளுவைத் தாங்க வைத்தார். ஹேஸலும் கூடவே வேலை செய்தார். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இருக்கவில்லை. 1948-ல் முடிந்த அவ்வண்டியை, மேட்டிலும் சேற்றிலும் ஏறிக் காட்டும் பந்தயங்களில் ஓட்டிச் சாப்மன் பரிசும் பெற்றார்.

புது வண்டியென்று பதிவு செய்யும்போது அதற்கு அவர் இட்ட பெயர் லோட்டஸ். தாமரை என்ற பெயரைச் சேற்றில் ஓடும் வண்டிக்கு இட்டது நமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் காரணத்தை அவர் கடைசி வரையில் சொல்லவில்லை. ஊகங்கள் பல உண்டு; அவற்றை இங்கே பெருக்குவதில் பயனில்லை.

விமானப் படையில் சில காலம் இருந்துவிட்டு, பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் எஞ்சினியராக அமர்ந்தார். பகலில் உத்தியோகம், இரவில் கொட்டகை. இரண்டாவது வண்டியை முடித்தபின், மூன்றாவதை மைக்கேல் ஆலன், நைஜல் ஆலன் என்ற சகோதரர்களுடன் சேர்ந்து கட்டினார். மூவருக்கும் ஆளுக்கொன்று கட்டுவது என்ற திட்டம், ஒன்றுதான் முடிந்தது. அந்த ஒன்று 1951-ல் ஆஸ்டின் ஸெவன் வண்டிகளுக்கென்று ஏற்பட்டிருந்த பந்தயங்களில் மற்றவர்களைத் திணற அடித்தது. அதன் ரகசியத்தைச் சொல்லிவிடலாம். ஆஸ்டின் எஞ்சினில் நான்கு ஸிலிண்டர்கள். ஆனால் பெட்ரோல் ஆவியை உள்ளிழுக்கும் வாய்கள் இரண்டே. இரண்டு ஸிலிண்டர்களுக்கு ஒரு வாய் வீதம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், ஒன்று மற்றதன் மூச்சைப் பறித்தது. எஞ்சினின் வாயை மாற்றக்கூடாது என்று பந்தய விதி. சாப்மன் வாயைத் தொடவில்லை. அதற்கு ஆவியைக் கொண்டுவரும் குழாயின் உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து, நான்கு ஸிலிண்டரும் தனித்தனியே மூச்சு வாங்கும்படி செய்துவிட்டார். விதியை எழுதியவர்கள் நினைத்தது ஒன்று; எழுதியது வேறொன்று. இருந்த இடைவெளி வழியாக அவர் புகுந்தார். பிறகு அந்த யுக்தியைத் தடுத்து விதியைத் திருத்தினார்கள். சட்டம் படித்தவர்கள் இதை ரஸிப்பார்கள். இந்தக் குணம் பின்னால் எங்கெல்லாம் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும்.

1952-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி லோட்டஸ் எஞ்சினியரிங் கம்பெனி பிறந்தது. இடம், முன்பு சொன்ன குதிரை லாயம். முதல், ஹேஸலிடம் கடன் வாங்கிய 25 பவுன். பங்காளி மைக்கேல் ஆலன். உத்தியோகத்தைச் சாப்மன் உடனே விட்டுவிடவில்லை. 1954-ம் வருஷ முடிவு வரையில் பகலில் அலுமினியம் கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருந்தார். மாலையில் லாயத்துக்கு வந்து உதவிய இளைஞர்கள் பலர் கூலி வாங்காதவர்கள். டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த மைக் காஸ்டின் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற காஸ்வொர்த் எஞ்சின் கம்பெனியின் பெயரில் பாதி இவருடையது.

இங்கேதான் நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். ஆறாவது மாதிரி வண்டியை லோட்டஸ் முழுக் காராகச் செய்து விற்கவில்லை, துண்டுகளாக விற்றது. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துப் பற்றவைத்த ஒரு கூடு. அதன் மேல் பொருத்த அலுமினியத் தகடுகள். வேண்டிய சில விசேஷ உறுப்புகள். முக்கோணம் வளையாது என்பது பாலம் கட்டும் எஞ்சினியருக்குப் பாலபாடம். அந்தக் கூட்டின் எடை சுமார் 55 ராத்தல், அதாவது 25 கிலோ. பலசாலி ஒருவர் அதைத் தனியே தூக்கிவிடலாம். மற்றவையெல்லாம் வாங்குபவர் பாடு. போர்டு கம்பெனியின் பழைய சிறு கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் 1,172 கன சென்டிமீட்டர் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பின் அச்சையும் எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டின் முன் அச்சோ ஒரே உத்தரம். அதை நடுவில் அறுத்து இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியும் தனியே ஏறி இறங்கும்படி சாப்மன் அமைத்திருந்தார். பழைய இரும்புக் கடையில் கிடந்த குடும்பக் காரின் எலும்பும் நரம்பும் இவ்விதம் பந்தயக் குதிரையின் உடம்பில் ஏறின.

வாங்கியவன் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டிகள் வந்து இறங்குகின்றன. கொட்டகையில் ஒரு மின்சார விளக்கு. எஞ்சினைப் பிரித்து அழுக்கு நீக்கித் தேய்ந்ததை மாற்ற வேண்டும். பிரேக் குழாயை வளைத்துப் பொருத்திக் கசிவு பார்க்க வேண்டும். மின்சாரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து முடிய வேண்டும். தகட்டில் துளை ஒரு நூல் தவறினாலும் மரை ஏறாது. இப்படிப் பல இரவுகள். கடைசியில் எஞ்சின் உறுமி உயிர் பெறும்போது, அந்த வண்டியில் தனக்குத் தெரியாத மூலை ஒன்றும் இல்லை என்ற நிலையில் அவன் இருப்பான். பழுது வந்தால் யாரிடமும் ஓட வேண்டியதில்லை. காரை வைத்திருப்பவனுக்கும் காரை அறிந்தவனுக்கும் உள்ள பேதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பள்ளிக்கூடம் வேறு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. தன் கையால் பூட்டியதில் பிசகிருந்தால் தன் உயிருக்கே ஆபத்து என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே சிரத்தையும் தானே வந்தது.

முதலாவதாகக் கட்டிய ஆறாம் மாதிரி வண்டி ரஸ்தாவில் ஒரு ரொட்டி வண்டியோடு மோதி நொறுங்கியது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. மைக்கேல் ஆலன் விலகிக்கொண்டார். சாப்மன் தொடர்ந்து நடத்தினார். 1955-க்குள் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கூடுகள் லாயத்தைவிட்டுச் சென்றன. இடையில், 1954-ல், ஹேஸலை மணந்துகொண்டார்.

துண்டுகளாக விற்றதற்குக் கைம்முதல் இன்மை ஒரு காரணம். மற்றொன்று வரி. யுத்த காலத்தில், 1940-ல், பிரிட்டனில் கொள்முதல் வரி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பூர்த்தியான காரின் மொத்த விற்பனை விலையில் இது 1951-ல் மூன்றில் இரண்டு பங்கு; பிறகு பாதியாகக் குறைந்து, 1955-ல் நூற்றுக்கு அறுபதாக ஏறிற்று. ஆனால் வரி காருக்குத்தான். உறுப்புகளின் தொகுதி கார் ஆகாது. வாங்குபவன் கூலிக்கு ஆள் வைக்காமல் தானே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. ஆகவே துண்டுகளாக வாங்கியவனுக்கு வண்டி ஏறக்குறையப் பாதி விலையில் முடிந்தது. பூட்டும் முறையை விளக்கும் புத்தகத்தை உடன் கொடுத்தால் விலக்குக்கு ஆபத்து என்றும், ஆகையால் லோட்டஸ் வண்டியைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்துக்கொள்ளும்படி விட்டார்கள் என்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சாப்மன் செய்யக்கூடிய காரியந்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இது குற்றமா? அன்று என்பதே நம் அபிப்பிராயம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தம் தோட்டக்காரனுக்குச் சம்பளத்தைச் சம்பளமாகக் கொடாமல் பத்திரம் எழுதி ஆண்டுத் தொகையாகக் கொடுத்து வரியைக் குறைத்துக்கொண்டார். 1935-ல் பிரபுக்கள் சபை அந்த வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு உட்பட்டுத் தன் காரியத்தை வரி குறையும்படி அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். பிரபுவுக்குக் கிட்டிய அந்த உரிமை, சம்பளக்கார வாலிபனுக்குக் கொட்டகை வழியாகக் கிட்டியதில் தவறென்ன? அவன் வரியைத் தன் வேர்வையால் ஈடு செய்தான். ஒளிக்கவுமில்லை, பொய் சொல்லவுமில்லை.

1957-ல் வந்தது லோட்டஸ் ஸெவன். ஆறாம் மாதிரியின் நேர் வாரிசு. கதவு கிடையாது, மழைக்கு ஒரு கித்தான், இருவர் நெருக்கி உட்கார இடம், மொத்த எடை 500 கிலோவுக்கும் குறைவு. எடை குறைந்தால் சிறு எஞ்சினும் போதும். பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். பெரிய எஞ்சினை வைத்து வேகம் தேடுவோர் நேர் வழியில் மட்டும் வெல்வர். எடையைக் குறைப்பவன் எங்கும் வெல்வான் என்பதே சாப்மனின் கட்சி. எலைட், எலான் என்ற உயர்ந்த ரக வண்டிகளையும் துண்டுகளாக வாங்க வழி செய்தார். கம்பெனி 1959-ல் செஷண்டுக்கும், 1966-ல் நார்போக்கிலுள்ள ஹெதல் என்ற பழைய யுத்த விமான நிலையத்துக்கும் பெயர்ந்தது.

பந்தய வெற்றிகளை விஸ்தரிக்கப் புகுந்தால் இப்பக்கம் போதாது. 1962-ல் குழாய்க் கூட்டையும் விட்டுவிட்டுத் தகட்டுப் பெட்டியையே உடலாகக் கொண்ட பந்தயக் காரைக் கொண்டுவந்தார். கொட்டகையில் ஆஸ்டினுக்குச் செய்ததன் முதிர்ந்த வடிவம் அது. ஸ்காத்லாந்து விவசாயி ஜிம் கிளார்க் லோட்டஸ் ஓட்டி 1963, 1965 வருஷங்களில் உலகப் பட்டம் வென்றார். 1965-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தையும் வென்றார். வண்டி கட்டுவோருக்கான உலகப் பட்டம் 1963-க்கும் 1978-க்கும் இடையில் ஏழு முறை லோட்டஸுக்குக் கிடைத்தது.

ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. வேண்டாததை நீக்கு என்ற கொள்கை, எது வேண்டாதது என்பதைத் தீர்மானிப்பவர் சற்றே தவறினால் பிறர் உயிரை வாங்கும். 1960-ல் பெல்ஜியத்து ஸ்பா மைதானத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்று அவர் படுகாயமடைந்தார். 1968 ஏப்ரல் 7-ந் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரத்தில் மோதி இறந்தார். தம் உயிர் நண்பரை இழந்த சாப்மன் மனமொடிந்து போனார். 1969-ல் பார்ஸிலோனாவில், வண்டிக்கு மேலே உயர்த்தி வைத்த இறக்கைகள் முறிந்து லோட்டஸ் வண்டிகள் இரண்டும் ஒரே பந்தயத்தில் நொறுங்கின. அவ்விரண்டில் ஒன்றை ஓட்டிய யோகன் ரிண்ட் மறு வருஷம் இத்தாலியின் மோன்ஸாவில் ஒத்திகை ஓட்டத்தில் மாண்டார். முன் சக்கரத்துப் பிரேக்கின் தண்டு முறிந்தது காரணமாகக் கூறப்பட்டது. ஓரத்து இரும்பு வேலி சரியாக அமையாததும், அவர் இடுப்புப் பட்டைகள் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளாததும் சேர்ந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இறந்தபின் அவரே அவ்வருஷத்து உலக வீரரானார். பந்தயம் அக்காலத்தில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பலி கேட்டது உண்மை. எனினும் லோட்டஸ் வேகமானது, ஆனால் மெலிந்தது என்ற பேச்சு ஓட்டுநரிடையே இருந்தது. அது வீண்பேச்சு என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. கொட்டகையில் பூட்டியவன் தன் உயிரை வைத்துத் தன் வேலையைச் சோதித்தான். இங்கே கணக்குப் போட்டவர் ஒருவர். வண்டியில் உட்கார்ந்தவர் வேறொருவர்.

கடைசி அத்தியாயம் வருந்தத்தக்கது. ஜான் டிலோரியன் என்ற அமெரிக்கர், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் பணத்தைப் பெற்றுக் கார்த் தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காரை வகுத்துச் சீர்செய்யும் வேலை 1978-ல் லோட்டஸுக்கு வந்தது. அதற்கென்று கொடுத்த 1 கோடியே 76 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை, பனாமாவில் பதிவான ஒரு கம்பெனியின் வழியே போய் மறைந்தது. 1982-ல் டிலோரியன் கம்பெனி முறிந்தது. விசாரணை முற்றுவதற்கு முன்பே, டிசம்பர் 16-ந் தேதி, சாப்மன் மாரடைப்பால் இறந்தார், வயது 54. அவருடைய நிதி நிர்வாகியான பிரெட் புஷெல் 1992-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷச் சிறை பெற்றார். சாப்மன் உயிரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாமல் விதித்திருப்பேன் என்ற கருத்தை நீதிபதி வெளியிட்டார். இறந்தவர் எதிர்வாதம் செய்ய இயலாது. அவர்மேல் வழக்கு நடந்து முடியவுமில்லை. ஆயினும் குழாயின் உள்ளே தடுப்பு வைத்ததையும், காரைத் துண்டாக விற்றதையும், பொதுப் பணத்தைப் பனாமா வழியே விட்டதையும் ஒரே சாமர்த்தியத்தின் மூன்று படிகள் என்று சொல்லிச் சிரிப்போருடன் நாம் சேர மாட்டோம். முதல் இரண்டையும் எவரும் பார்க்கும்படி செய்தார். மூன்றாவது இருட்டில் நடந்தது.

ஸெவன் வண்டியைச் சாப்மன் 1973-லேயே கைவிட்டுவிட்டார். அவ்வருஷம் ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. துண்டுகளுக்கு இருந்த விலக்கும் அதோடு ஒழிந்தது. பணக்காரருக்கான பெரிய கார்களின் பக்கம் லோட்டஸ் திரும்பியது. ஸெவனைச் செய்யும் உரிமையை, அதை விற்று வந்த கேட்டர்ஹாம் கம்பெனியார் வாங்கிக்கொண்டார்கள். வரி லாபம் இல்லாதபோது யார் பெட்டியைப் பிரித்துக்கொண்டு கொட்டகையில் உட்காருவார்கள் என்று அன்று பலர் கேட்டிருக்கலாம். அரை நூற்றாண்டு கழிந்தபின்னும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டிகள் வருகின்றன, எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு எல்லாம் புதியவை, பழைய இரும்புக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. பூட்டும் முறையை விளக்கும் புத்தகமும் இப்போது கிடைக்கிறது. அதை முதற் பக்கத்திலிருந்தே படிக்கலாம்.